வெயிலுக்குக் காற்றைக் குறைக்கச் சொல்லும் அண்ணன்மார்களுக்கு

என் டயர் கடைக்கு மறுபடியும் ஒரு கேரவன். வேனை வீடு மாதிரி கட்டி, உள்ளே படுக்கை, ஃபிரிட்ஜ், மேலே ஏசி, அடியில் தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் வைத்து, குடும்பத்தோடு தேக்கடி பார்த்துவிட்டு வாகமண் போகலாம் என்று வந்தவர்கள். பின்னால் இரட்டை டயர். அதில் உள்பக்க டயரில் எப்போது காற்று இறங்கியது என்று ஓட்டி வந்தவருக்கே தெரியவில்லை. வெளி டயர் தாங்கிக்கொண்டதால் வண்டி சாயவும் இல்லை, ஸ்டியரிங் இழுக்கவும் இல்லை. லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது ரப்பர் கருகுகிற வாடை வந்து, அப்புறம்தான் நிறுத்தியிருக்கிறார்கள். டயரைக் கழற்றினால் உள்ளே கருப்புப் பொடி கொட்டுகிறது, பக்கச் சுவர் முழுக்கக் கசங்கிக் கிடக்கிறது. வெளி டயரும் போச்சு, ஏனென்றால் இரண்டு டயர் சுமையை அது ஒன்றே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

காற்று பார்த்தீர்களா என்று கேட்டேன். "கெளம்புறப்ப தட்டிப் பாத்தோம்ணே, நல்லாத்தான் இருந்துச்சு. வெயில்ல போறோமேன்னு ரெண்டு பாயிண்ட் கொறைச்சுத்தான் வெச்சோம்."

இந்த "வெயிலுக்குக் கொறைச்சு வெச்சோம்" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கம்பத்தில் கடை வைத்திருப்பதால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப், சபரிமலை வேன், ஷூட்டிங் கேரவன் என எல்லா வண்டியும் வருகிறது. எல்லார் வாயிலும் இதே பேச்சுதான். சூட்டில் காற்று விரியும், விரிந்தால் டயர் வெடிக்கும், அதனால் முன்னாடியே குறைத்துவிட வேண்டுமாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நடப்பது நேர் எதிர்.

காற்று விரிவது உண்மை. காலையில் குளிர்ந்த டயரில் 60 பிஎஸ்ஐ அழுத்தம் பிடித்தால், மதியம் ஓட்டத்தில் 67, 68 வரை ஏறும். அது டயர் செய்த கம்பெனிக்குத் தெரியாதா? அந்த ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் குளிர்ந்த நிலைக்கு ஓர் அளவைக் கொடுக்கிறார்கள். நல்ல டயர் அதைவிடப் பல மடங்கு அழுத்தம் தாங்கும். டயரைக் கொல்வது, காற்று குறைந்ததால் வருகிற சூடு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும் இடத்தில் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்துப் பாருங்கள், வளைகிற இடம் கை சுடும், கடைசியில் ஒடியும். பக்கச் சுவரிலும் அதேதான். அதற்கு மேல் சுமை, வேகம், மே மாதத்துத் தேனி ரோட்டுச் சூடு. வெடித்த பிறகு "காத்து ஜாஸ்தி ஆகி வெடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொள்கிறோம்.

வழியில் டீ குடிக்க நிறுத்தி, சூடான டயரில் 68 காட்டுகிறதே என்று 60-க்கு இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலை பார்த்தால் 52, 53தான் இருக்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள், அவ்வளவுதான். அளவு பார்ப்பது என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், நிழலில். நைட்ரஜன் போட்டிருக்கிறேன், பார்க்கத் தேவையில்லை என்பவர்களுக்கு: நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆணி குத்தினால் அதுவும் இறங்கும்.

எந்த அளவு என்று கேட்பீர்கள். காராக இருந்தால் கதவுப் பக்கம் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். டயர் மேல் பொறித்திருப்பது அந்த டயரின் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. ஆனால் கேரவனாக மாற்றிக் கட்டிய வண்டிக்குக் கதவில் ஒட்டியிருப்பதும் செல்லாது. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ, தொட்டி எடை தனி. எல்லாச் சாமானும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்தபடி எடை மேடையில் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக ஏற்றிப் பாருங்கள். அந்த எடையை டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் வைத்துத்தான் காற்று அளவு முடிவாகும். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கு என்றே கொள்கை அறிவித்த பிறகு இந்த வண்டிகள் எங்கள் வழியில் கூடிவிட்டன. கட்டிக் கொடுக்கும் பட்டறைக்காரர்கள் உள்ளே டிவி எங்கே வரும் என்று யோசிக்கிற நேரத்தில் கால்வாசியை டயருக்கு ஒதுக்கினால் எனக்கு வேலை குறையும், சந்தோஷம்தான்.

சரி, காற்றைக் கண்காணிக்கும் சென்சார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டயர் பிரஷர் காட்டும் டிபிஎம்எஸ் மாட்டுங்கள், அதிலும் இரட்டை டயர் வண்டிக்கு உள் டயரிலும் மாட்டுங்கள். அங்கே கண்ணும் எட்டாது, தட்டிப் பார்க்கிற இரும்புக் கம்பியும் பொய் சொல்லும். மாட்டியாச்சு என்று தூங்கிவிடாதீர்கள். பல கார்களில் காற்று 25 சதவீதம் குறைந்த பிறகுதான் விளக்கு எரியும். 60 என்றால் 45. எங்கள் தொழிலில் சொல்லப்பட்ட அளவில் 20 சதவீதம் குறைந்து, அதாவது 48-க்கு இறங்கி ஓடியிருந்தாலே டயரைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் தனியாக வாங்கி மாட்டும் செட்டில் எச்சரிக்கை அளவை நீங்களே வையுங்கள், குளிர்ந்த அளவிலிருந்து 10, 15 சதவீதத்துக்கு மேல் தள்ளாதீர்கள். வால்வு மூடி மாதிரி திருகுகிற சென்சார் என்றால் சாதாரண ரப்பர் வால்வை உலோக வால்வாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ரப்பர் வால்வு குளிர்ந்த நிலையில் 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான், அதன் தலையில் பாரமும் சேர்ந்து சுழன்றால் அடியில் விரிசல் விடும்.

அந்தச் செட் வெப்பமும் காட்டும், யாரும் அதைப் பார்ப்பதில்லை. மலை இறங்கும்போது காற்று அளவு சரியாக இருந்தும் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட ரொம்பச் சூடு காட்டினால், பெரும்பாலும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று சாமி வேன் டிரைவர்களிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. பாவம், தூக்கம் கெட்டு ஓட்டுகிறவர்கள், கோபப்படவும் மனசு வரவில்லை.

இழுத்து வரும் டிரெய்லர் இன்னும் மோசம். ஜெனரேட்டர் டிரெய்லரோ, தள்ளுவண்டிக் கடையோ, பின்னால் டயர் தட்டையானால் முன்னால் இருப்பவருக்கு உடம்பில் ஒன்றுமே தெரியாது. பின்னால் பைக்கில் வருகிறவர் ஹாரன் அடித்துக் கை காட்டினால் உண்டு. டிரெய்லர் டயர் தேய்வதில்லை, வயசாகித்தான் சாகிறது. ஓரத்தில் 2319 மாதிரி நான்கு இலக்கம் இருக்கும், 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம், அதைப் பார்த்துவிட்டு இழுங்கள். நீளமான வண்டியாக இருந்தால் சிக்னலை எடுத்துக் கொடுக்கும் ரிப்பீட்டர் ஒன்றும் நடுவில் வேண்டும், இல்லையென்றால் பின் சக்கரம் திரையில் வராது, எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு போவீர்கள்.

கடைசியாக ஒன்று, கெஞ்சியே கேட்கிறேன். தட்டையாகக் கொஞ்ச தூரம் ஓடிய கம்பி டயரை (உள்ளே இரும்புக் கம்பி வைத்துச் செய்தது) கொண்டுவந்து "அப்படியே காத்த மட்டும் அடிச்சு விடுங்கண்ணே, நேரமாச்சு" என்று நிற்காதீர்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால், காற்று ஏற ஏற பக்கச் சுவர் ஜிப் திறந்த மாதிரி கிழிந்து, பக்கத்தில் நிற்பவர் உயிரே போகும். காற்றடிக்க நிற்பது பெரும்பாலும் கடைப் பையன். கழற்றிப் பார்க்காமல் என் கடையில் அடிக்க மாட்டோம், அரை மணி நேரம் ஆகும், எதிரே டீக்கடை இருக்கிறது.