செடிகளின் ஜீனோம் ஏன் இப்படிக் கூடிக் குறைகிறது?

நியூ கலிடோனியாவில் மரத்தண்டுகளைப் பற்றி வளரும் ட்மெசிப்டெரிஸ் ஆப்லான்சியோலேட்டா பெரணி இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடி. இதுவரை அளக்கப்பட்ட உயிர்களில் மிகப் பெரிய ஜீனோம் (ஓர் உயிரின் முழு டி.என்.ஏ. தொகுதி) அதனுடையதுதான் என்று 2024-இல் தெரியவந்தது. அதில் டி.என்.ஏ.வின் எழுத்துகளான கார இணைகள் சுமார் 16,000 கோடி உள்ளன, மனிதனிடம் இருப்பதைப் போல 50 மடங்குக்கும் மேல். நுண்ணுயிர்களைப் பொறிவைத்துப் பிடித்துத் தின்னும் ஜென்லிசியா செடிகளில் சிலவற்றுக்கோ ஏறத்தாழ 6 கோடிதான். இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, வளர்கின்றன, இனம் பெருக்குகின்றன. அப்படியிருக்க, 2,500 மடங்குக்கு மேலான இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மரபணுக்களிலிருந்து வரவில்லை என்பது உறுதி. அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியின் ஜீனோம் 13.5 கோடி கார இணைகள் கொண்டது. மரபணுக்கள் சுமார் 27,000. நார்வே ஸ்ப்ரூஸ் மரத்தின் ஜீனோம் அதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரியது, ஆனால் மரபணுக்கள் ஏறத்தாழ அதே அளவுதான்.

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் தாவும் மரபணுக்கள். பெயர் அப்படியிருந்தாலும் இவை மேலே எண்ணிய வழக்கமான மரபணுக்கள் அல்ல, ஜீனோமுக்குள் இடம் மாறும் டி.என்.ஏ. தொடர்கள். பார்பரா மெக்ளின்டாக் 1940-களில் மக்காச்சோள மணிகளில் விழுந்த வண்ணப் புள்ளிகளை ஆராய்ந்து இவற்றைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. செடிகளில் இவற்றுள் அதிகம் காணப்படும் வகை, தன்னை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அதை மறுபடி டி.என்.ஏ.வாக மாற்றி, ஜீனோமின் வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். மூலப்படி பழைய இடத்திலேயே இருக்கும். ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும் ஜீனோம் சில ஆயிரம் எழுத்துகள் நீளும். மக்காச்சோள ஜீனோமில் சுமார் 85 சதவீதம் இப்படிப் பெருகிய தொடர்கள்தான். நெல்லின் காட்டு உறவான ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸின் ஜீனோம், இவ்வகையில் மூன்றே மூன்று குடும்பங்கள் பெருகியதால், கடந்த 30 லட்சம் ஆண்டுகளுக்குள் இரண்டு மடங்கானது. பரிணாமக் கணக்கில் இது மிகக் குறுகிய காலம்.

குரோமோசோம் தொகுதி முழுவதுமாக இரட்டிப்பதும் உண்டு. கோதுமைக்குள் மூன்று புல்லினங்களின் ஜீனோம்கள் சேர்ந்திருக்கின்றன.

ஏறிக்கொண்டே மட்டும் போனால் எல்லாச் செடிகளும் அந்தப் பெரணிபோல ஆகியிருக்க வேண்டும். குறைக்கும் வழியும் இருக்கிறது. மேலே சொன்ன தாவும் மரபணுவின் இரு முனைகளிலும் ஒரேமாதிரியான தொடர் இருக்கும். செல் தன் டி.என்.ஏ.வைப் பழுது பார்க்கும்போது இந்த இரு முனைகளும் தவறுதலாக இணைந்தால், நடுப்பகுதி வெட்டுண்டு போய்விடும். மிஞ்சுவது ஒற்றை முனை. நெல் ஜீனோமில் இப்படித் தனித்து நிற்கும் முனைகள் ஏராளம். ஒவ்வொன்றும் அங்கே முன்பு முழுநீளத் தொடர் இருந்ததற்கான தடயம்.

ஒரே இனத்துக்குள்ளும் இந்தக் கூடலும் குறைதலும் நடக்கிறதா? இது நெடுங்காலம் சர்ச்சைக்குரிய கேள்வியாக இருந்தது, காரணம் அளக்கும் முறை. இலைத்துண்டு ஒன்றை, ஜீனோம் அளவு தெரிந்த இன்னொரு செடியின் இலையோடு சேர்த்து, கரைசலில் வைத்து பிளேடால் பொடியாக நறுக்குவார்கள். வெளிவரும் உட்கருக்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடுவார்கள். ஒளிர்வு எவ்வளவோ அவ்வளவு டி.என்.ஏ. ஆனால் நறுக்கும்போது டேனின் போன்ற பொருள்களும் இலையிலிருந்து கசிந்து சாயத்தைத் தடுக்கும். சூரியகாந்தியில் செடிக்குச் செடி ஜீனோம் மாறுகிறது என்ற பழைய முடிவுகள் இந்தக் காரணத்தாலேயே சந்தேகத்துக்கு உள்ளாயின. மாறியது ஜீனோமா, இலைச்சாறா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சோயா, பட்டாணி பற்றிய பழைய அறிக்கைகளும் மறு அளவீட்டில் நிற்கவில்லை. இந்தத் துறையில் எந்த எண்ணையும் நம்புமுன் அது எப்படி அளக்கப்பட்டது என்று பார்த்தே ஆக வேண்டும்.

அந்தச் சல்லடையில் நின்ற உதாரணங்களும் உள்ளன. ஸ்வீடனில் பல இடங்களிலிருந்து எடுத்த அராபிடாப்சிஸ் வகைகளுக்கிடையே ஜீனோம் அளவு 10 சதவீதத்துக்கு மேல் வேறுபடுவது 2013-இல் வெளியானது. அங்கே பெரும்பங்கு தாவும் மரபணுக்களுடையது அல்ல. புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான மரபணு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதே வித்தியாசம்.

மக்காச்சோளம் இன்னும் சுவையானது. அதன் குரோமோசோம்களில் நுண்ணோக்கியிலேயே கண்ணில் படும் குமிழ்கள் உண்டு. 180 எழுத்துத் தொடர் ஒன்று ஆயிரக்கணக்கான முறை அடுக்கப்பட்டு உண்டாவது அது. மலை உயரம் கூடக்கூட நாட்டு ரகங்களில் இந்தக் குமிழ்கள் குறைகின்றன, ஜீனோமும் சிறுக்கிறது. செல் பிரியுமுன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். குறைவாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். குளிர்ந்த மேட்டு நிலத்தில், பருவம் முடிவதற்குள் பூத்துக் காய்க்க வேண்டிய செடிக்கு அந்த வேகம் உதவுகிறது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். எந்தப் புரதத்துக்கும் குறிப்பு இல்லாத டி.என்.ஏ.வும், வெறும் அளவைக் கொண்டே இயற்கைத் தேர்வுக்கு உள்ளாகிறது.