ஸ்கிசோஃப்ரினியா: மனப்பிளவா, மனச்சிதைவா?

அக்காவோட ஃபைல்ல டாக்டர் இங்கிலீஷ்ல எழுதியிருந்த அந்த நீள வார்த்தைய அம்மாவுக்கு தமிழ்ல எப்படி சொல்றதுன்னு தெரியாம பஸ் ஸ்டாப்ல ரொம்ப நேரம் நின்னுருந்தேன். கடைசியா மனச்சிதைவுன்னு சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "சிதைஞ்சது திரும்ப சேருமாடா?" அன்னிக்கு ராத்திரிதான் இந்த சொல்ல தேட ஆரம்பிச்சேன்.

ஸ்கிசோஃப்ரினியாங்கறது ரெண்டு கிரேக்க வேர ஒட்டி செஞ்ச சொல். ஸ்கிசைன்னா பிளக்கிறது, ஃப்ரேன்னா மனசு. பழைய கிரேக்கத்துல ஃப்ரேனுக்கு உதரவிதானம்னும், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசைன்னும் பொருள் இருந்திருக்கு, நாமளும் மனசுன்னு சொல்ற இடத்துல நெஞ்சுன்னு சொல்லி மார்ல கை வைக்கிறோமே, அப்படித்தான். 1908ல பெர்லின்ல ஒரு கூட்டத்துல சுவிஸ் டாக்டர் ஆய்கன் ப்ளாய்லர் இந்த பேர சொன்னார். அதுக்கு முன்னாடி ஜெர்மன் டாக்டர் எமில் கிரேப்பலின் பரப்பின டிமென்ஷியா ப்ரேகாக்ஸ்ங்கற பேருதான் இருந்துச்சு, சின்ன வயசுலயே புத்தி மழுங்கிப்போறதுன்னு அர்த்தம். எல்லாருக்கும் மழுங்கறதில்ல, எல்லாருக்கும் சின்ன வயசுல வர்றதும் இல்ல, அதனால பேர மாத்தணும்னார் ப்ளாய்லர்.

ஆனா அவர் சொன்ன பிளவு ஒரே உடம்புக்குள்ள ரெண்டு ஆளுங்கற கதை இல்லவே இல்ல. நினைப்பு ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம போறதத்தான் சொன்னார். அக்கா பாட்டி செத்த சேதி கேட்டு சிரிச்சா, நியூஸ் வாசிக்கறவங்க தன்னப்பத்திதான் பேசுறாங்கன்னு டிவிய துண்டு போட்டு மூடி வெச்சா, அப்பவும் எங்க அக்கா ஒருத்திதான் இருந்தா. மனப்பிளவுன்னு எழுதினா படிக்கறவங்களுக்கு சினிமால வர்ற ரெட்டை ஆள்தான் ஞாபகம் வரும், அதனால அந்த சொல் வேண்டாங்கறது என் கருத்து.

சைக்கோசிஸ் வேற, அது பெரிய குடை. நெசம் எது, மனசு காட்டுறது எதுன்னு பிரிச்சு பாக்க முடியாத நிலை. மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறுற பைபோலார் நோய்லயும் வரும், கடுமையான மனச்சோர்வுலயும் வரும், கஞ்சாவாலயும் வரும். திட்டுறதுக்கு சைக்கோன்னு சொல்றோமே, அத நான் விட்டுட்டேன், நீங்களும் விட்டுடுங்க. பைத்தியங்கற சொல்லோ பித்தத்துல இருந்து வந்தது, பித்தம் ஏறினா புத்தி தடுமாறும்னு பழைய வைத்தியம் நம்புச்சு.

இந்த நோய்தான்னு உறுதியா காட்டுற ரத்த டெஸ்ட்டோ ஸ்கேனோ கிடையாது, வேற காரணம் இல்லன்னு ஒதுக்கத்தான் அதெல்லாம் எடுக்கறாங்க. குரல் கேக்கறது, ஆதாரமில்லாத நம்பிக்கை, கோர்வையில்லாத பேச்சு, எதுலயும் நாட்டமில்லாம ஒடுங்கிப்போறது, இதெல்லாம் எத்தனை நாளா இருக்குன்னு கூட இருக்கறவங்ககிட்டயும் கேட்டுத்தான் முடிவு பண்றாங்க. அமெரிக்க முறைப்படி மொத்தமா ஆறு மாசம் நீடிக்கணும், உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல ஒரு மாசம் போதும். வைத்தியத்துல 1952ல பாரிஸ்ல கொடுத்துப்பாத்த குளோர்ப்ரோமசின்ங்கற மருந்துதான் பெரிய திருப்பம். மத்த மருந்து கேக்காதவங்களுக்கு க்ளோசபின் இருக்கு, ஆனா வெள்ளையணு குறையலாங்கறதால ரத்தம் பாத்துட்டே இருக்கணும். நல்லாயிட்டோம்னு தானா மாத்திரைய நிறுத்துறதுதான் பெரும்பாலும் திரும்ப கொண்டுவந்து விடுது, எங்க வீட்லயும் அதான் நடந்துச்சு. மாத்திரை மட்டும் பத்தாது, வீட்டு ஆளுங்களுக்கும் சொல்லிக்கொடுக்கணும், செய்யறதுக்கு ஒரு வேலை வேணும். சென்னையில மனநல டாக்டர் சாரதா மேனன் 1984ல தொடங்கின ஸ்கார்ஃப்ங்கற தொண்டு அமைப்பு இந்த வேலையத்தான் செய்யுது.

ஜப்பான்லயும் இந்த நோய்க்கு மனம் பிளந்த நோய்னுதான் பேரு இருந்துச்சு. நோயாளி குடும்பங்க கேட்டுக்கிட்டதால 2002ல ஒருங்கிணைவு தவறிய நோய்னு மாத்தினாங்க. அதுக்கப்புறம் நோயோட பேர நோயாளிகிட்டயே சொல்றது மூணே வருஷத்துல சுமார் 37 சதவீதத்துல இருந்து 70 சதவீதமாச்சு, டாக்டர்களுக்கே வாய் வந்துருக்கு. தென் கொரியாவுல 2011ல தந்திய சுதி சேர்க்கறதங்கற பொருள்ல பேர் வெச்சாங்க.

இந்த ரெண்டு பொருளும் தமிழ்ல ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. இசைன்னா பாட்டு, இசையறதுன்னா ஒண்ணோட ஒண்ணு பொருந்தறது. அதனால மன இசைவிழப்புன்னு சொல்லலாம்னு எனக்கு தோணுது. மனச்சிதைவுதான் பேப்பர்லயும் ஆஸ்பத்திரிலயும் நிலைச்சுருச்சு, தேடுறவங்களும் அப்படித்தான் தேடுவாங்க, அத தப்புன்னு சொல்லல. ஆனா சிதைன்னா சுடுகாட்டு சிதையும்தானே, பெத்தவ காதுல அது எப்படி விழும்?

அம்மாகிட்ட திரும்ப சொன்னேன், சுதி விலகியிருக்கும்மா, சேக்கலாம்னு. இப்பல்லாம் ராத்திரி மாத்திரையும் தண்ணியும் கொடுக்கும்போது அக்காகிட்ட அம்மா கேக்கறது, "இன்னிக்கு எப்படிடி, சேருதா?"