நிறமி குறைந்தால் விழித்திரை ஏன் தடுமாறுகிறது?

உடலில் நிறமி பிறவியிலேயே குறைந்திருக்கும் அல்பினிசத்துடன் பிறந்த குழந்தையை நாங்குநேரியிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ திருநெல்வேலிக்குக் கண் மருத்துவரிடம் அழைத்துவரும் பெற்றோருக்குப் புரியாத விஷயம், கண்ணாடி போட்ட பிறகும் கரும்பலகை ஏன் தெளியவில்லை என்பதுதான். கண்ணாடி ஒளியை விழித்திரையில் குவிக்கும். அந்த விழித்திரையே கருவில் வேறுவிதமாக வளர்ந்திருந்தால் அதைக் கண்ணாடியால் திருத்த இயலாது.

விழித்திரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் நிறமிப் படலம், கருவின் இரண்டாம் மாதத்திலேயே மெலனின் என்னும் நிறமியைத் தயாரிக்கத் தொடங்குகிறது. டைரோசினேஸ் என்னும் நொதி, டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை எல்-டோப்பா என்னும் இடைப்பொருள் வழியாக மெலனினாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. பக்கத்தில் வளரும் விழித்திரைச் செல்கள் எவ்வளவு வேகத்தில் பிரிய வேண்டும், எப்போது முதிர வேண்டும் என்பதையும் இந்த எல்-டோப்பா நெறிப்படுத்துவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. நிறமியற்ற விலங்குகளில் செல் பிரிதல் அளவுக்கு மீறி நீள்கிறது, விழித்திரையின் நடுப்பகுதி முதிர்வதும் தாமதமாகிறது.

அந்தத் தாமதத்தின் விலையை அதிகம் கொடுப்பது, நுண்ணிய எழுத்தை வாசிக்க உதவும் மையக் குழியே. கருவின் 25ஆம் வாரத்தையொட்டித் தோன்றும் இக்குழியிலிருந்து உள்ளடுக்கு நரம்புச் செல்கள் விலகிச் செல்ல, ஒளியையும் நிறத்தையும் உணரும் கூம்புச் செல்கள் நடுவில் நெருங்கி அடையும். பிறந்த பின்பும் சில ஆண்டுகள் இது தொடரும். விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓ.சி.டி. படத்தில் ஆப்பச்சட்டியின் குழிவைப் போலத் தெரிய வேண்டிய அவ்விடம், அல்பினிசம் உள்ளவர்களில் மேலோட்டமான பள்ளமாகவோ முற்றிலும் மட்டமாகவோ இருக்கும்; கூம்புகளும் அந்த அளவுக்கு நெருங்கியிருப்பதில்லை.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளின் பாதையும் பிசகுகிறது. பொதுவாக மூக்குப் பக்கத்து இழைகள் மட்டுமே மூளையின் எதிர்ப்பக்கத்துக்குக் கடக்கும். அல்பினிசத்திலோ நெற்றிப்பொட்டுப் பக்கத்து இழைகளிலும் பல கடந்துவிடுகின்றன. சயாமியப் பூனைகளில் இப்பிசகை 1969இல் நரம்பியல் ஆய்வாளர் கில்லரி விவரித்தார். இரு கண்களின் படங்களும் ஒன்றுசேராததால் ஆழம் கணிப்பது கடினமாகிறது, மாறுகண்ணும் சேர்ந்துகொள்கிறது.

பிறந்த சில மாதங்களில் தொடங்கும் கண் ஆட்டம் குறையும் கோணத்தைத் தேடியே குழந்தை தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. அதை ‘நேராப் பாரு’ என்று அதட்டும் ஆசிரியர்கள், உள்ள பார்வையையும் கெடுக்கிறார்கள்.

தோல், முடி, கண் மூன்றையும் பாதிக்கும் வகை வெளிப்பட, தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறுபட்ட மரபணு வர வேண்டும். இருவருமே அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் உறவில் திருமணம் செய்யும் நம் வழக்கம் அந்தச் சந்திப்பை எளிதாக்குகிறது. கண்ணை மட்டும் பாதிக்கும் வகை எக்ஸ் குரோமோசோம் வழியாகப் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வருகிறது; அது தோலைத் தொடாததால், தோல் கறுத்திருந்தாலும் இதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

பிறந்த பிறகு நிறமியை ஊட்டினாலும் கடந்துவிட்ட நரம்பிழைகள் திரும்பிவரப்போவதில்லை. வண்ணக் கண்ணாடி, உருப்பெருக்கி, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழாத முன்பெஞ்சு ஆகியவை உதவும். புத்தகத்தை மூக்கருகே பிடித்து வாசிப்பதால் கண் கெடாது. எழுத்துப் பெரிதாகத் தெரியவே குழந்தை அப்படிச் செய்கிறது.