கீமோ வேண்டுமா? மெழுகு பிளாக் சொல்லும் கணக்கு

"அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்துவிட்டது. கீமோ தேவையா என்று பார்க்க, எடுத்த கட்டியின் மெழுகு பிளாக்கை கலிபோர்னியாவுக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டர். செலவு லட்சக்கணக்கில். மெழுகில் என்ன தெரிந்துவிடும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அவர் சொல்வது ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற 21 மரபணுச் சோதனை. நம் உடம்பின் எல்லா செல்களிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். வேலை செய்யும் மரபணு ஆர்என்ஏ நகல்களை எடுத்துத் தள்ளும். செல் பிரியும் காலத்தில் தலைகாட்டும் கேஐ-67 போன்றவற்றின் நகல்கள் நிறைய இருந்தால், கட்டி வேகமாக வளரும் ரகம். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் நகல்கள் நிறைய என்றால், அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரைக்கு அது மசியும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஆர்என்ஏ லேசில் சிதைந்துபோகும். ஃபார்மலினில் ஊறி மெழுகில் உறைந்த திசுவில் அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டுகளை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியால் டிஎன்ஏவாக மாற்றி, பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் இரட்டிக்கும், கூடவே ஒளிரும் சாயமும் கூடும். எத்தனையாவது சுற்றில் வெளிச்சம் கருவிக்குச் சிக்கும் அளவை எட்டுகிறது என்பதுதான் அளவீடு. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு பேசிய 'சிடி வேல்யூ' இதேதான். ஒரு மரபணு 24ஆம் சுற்றிலும் இன்னொன்று 27ஆம் சுற்றிலும் ஒளிர்ந்தால், முன்னதன் நகல்கள் சுமார் 8 மடங்கு.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஒரு மரபணு தாமதமாக ஒளிர்ந்தால், கட்டியில் அது மந்தமாக இருந்ததா, இல்லை பிளாக் பழசாகி ஆர்என்ஏ அழிந்துவிட்டதா? எப்படிப் பிரித்தறிவது? அதற்காகவே 21இல் 5 மரபணுக்களுக்குப் புற்றுநோயோடு நேரடி சம்பந்தமே கிடையாது. பீட்டா ஆக்டின் மாதிரி, செல்லின் அன்றாடக் காரியங்களைப் பார்ப்பவை. எல்லாக் கட்டியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஓடிக்கொண்டிருப்பவை. பிளாக் கெட்டிருந்தால் இவையும் சேர்ந்தே தாமதமாகும். குரூப் போட்டோவைச் சின்னதாக பிரிண்ட் போட்டாலும் யார் யாரைவிட உயரம் என்பது மாறாதே, அந்த மாதிரி. மற்ற 16 மரபணுக்களின் அளவை இந்த ஐந்தின் சராசரியோடு ஒப்பிட்டால் சிதைவின் பாதிப்பு பெருமளவு கழிந்துவிடும். பிறகு சூத்திரம் போட்டு 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்.

இந்தத் தந்திரத்தால் பழைய பிளாக்குகளே ஆய்வுக்கூடமாகிவிட்டன. 1980களில் அமெரிக்காவில் நடந்த டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை பற்றிய ஓர் ஆய்வில் சேர்ந்த 668 பெண்களின் பிளாக்குகளை இந்தச் சோதனைக்கு உட்படுத்தி, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கு நோய் திரும்பியது என்பது ஏற்கெனவே பதிவில் இருந்தது. புதிதாகப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் 10 ஆண்டுகளுக்குள் வேறு உறுப்புகளில் நோய் தலைகாட்டியது 6.8 சதவீதம் பேருக்கு. அதிக மதிப்பெண்காரர்களில் 30.5 சதவீதம்.

'கத்தி வைத்தால் பரவிவிடும்' என்று பயாப்சிக்கே பயந்து நாட்டு வைத்தியரிடம் மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வெட்டி எடுத்த திசு இருந்தால்தானே இத்தனையும்?

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 (கட்டியை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்) நெகட்டிவ், ஆரம்பக் கட்டம் என்றால் மட்டுமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு 2018இல் சொன்னது: நிணநீர்க் கணுவுக்குப் பரவாமல், மதிப்பெண் 11 முதல் 25க்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சிகிச்சையே போதும். அவர்களில் 50 வயதோ அதற்குக் குறைவோ இருந்து, 16 முதல் 25 வரை வாங்கியவர்களுக்குக் கீமோவால் கொஞ்சம் பலன் உண்டு.

மருந்து யாருக்குத் தேவையில்லை என்று கண்டுபிடிக்க எந்த மருந்து கம்பெனி ஆர்வமாகப் பணம் போடும்? டெய்லர்-எக்ஸுக்குச் செலவழித்தது பெரும்பாலும் அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம். அங்கே 1998 முதல் கூடுதல் விலைக்கு விற்கும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சித் தபால்தலையின் வசூலும் அதில் சேர்ந்தது. நம் தபால்துறை அப்படி ஒன்றைப் போட்டால் ஒரு ஷீட் முழுக்க வாங்க நான் தயார்.