சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து அளவு கொடுங்கள்

போன ஆடியில் ஒரு நர்ஸ் அக்கா நான்கு டாப்புகளைக் கொண்டுவந்து கட்டிங் மேஜையில் போட்டார். "துணி மட்டம் போல. நாலும் ஒரே எடத்துல கிழிஞ்சிருக்கு பாருங்க" என்றார். நான்கும் நான் தைத்தவை. துணியில் குறையில்லை. முதுகுப் பக்கம் கை வந்து சேரும் இடத்தில் தையல் விட்டிருந்தது. சைடு ஓப்பன் தொடங்கும் இடம் அரை அங்குலம் மேலே கிழிந்து ஏறியிருந்தது. "வேலைக்கு எதுல போறீங்க?" என்று கேட்டேன். "சைக்கிள்தான். பாப்பாவை அங்கன்வாடியில விட்டுட்டு அப்படியே ஆஸ்பத்திரி."

இதை நான் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அதுவும் புதுக்கோட்டையில் கடை வைத்துக்கொண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்த மாவட்டம் இது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் இங்கே சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளே நல்லது என்று பல தாய்மார்கள் அந்தக் காலத்தில் வாங்கினார்கள், நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதற்காக. என் அம்மாவும் அப்போது சேலையோடுதான் கற்றுக்கொண்டார்.

எங்கள் தொழிலில் அளவு எடுப்பது எப்போதும் நின்றபடிதான். "நேரா நில்லுங்க, கையைத் தொங்க விடுங்க" என்போம். சைக்கிளில் உடம்பு அப்படி இருப்பதில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக் கைகள் முன்னால் நீளும்போது இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகு ஓர் அங்குலத்துக்கு மேல் அகலும். உட்கார்ந்தால் இடுப்புச் சுற்றளவு கூடும். சிலருக்கு இரண்டு அங்குலம் வரை கூடுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது நான் ஒரு ஸ்டூல் வைத்திருக்கிறேன். உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, மறுபடியும் டேப் பிடிக்கிறேன். உங்கள் டெய்லர் அப்படிச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள். சைடு ஓப்பனை ஓர் அங்குலம் மேலே தொடங்கி, அந்த முனையில் சின்ன முக்கோணத் துண்டு வைத்து அழுத்தித் தைத்தால் கிழியாது. நீளம் முட்டியோடு நிற்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால், உட்காரும்போது பின்பக்கத் துணி சீட்டைத் தாண்டிச் சக்கரத்தைத் தொடும்.

பேண்ட் விஷயத்தில் இன்னொன்று. தொடைகள் சேரும் இடத்தில் நான்கு தையலும் ஒரு புள்ளியில் கூடும். சீட்டில் உரசிப் புண்ணாவது அங்கேதான். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்ல மாட்டார்கள், நானாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் டைமண்ட் வடிவில் ஒரு துண்டு வைத்துத் தைத்தால் தையல்கள் பிரிந்து விலகிவிடும், காலும் தாராளமாக மேலே வரும். கால் மீட்டர் துணி கூடுதலாக எடுங்கள், போதும்.

துப்பட்டாவைப் பற்றிச் சற்று நேரம் பேசியாக வேண்டும். சாதாரண வேகத்தில் போகும் சைக்கிளின் சக்கரம் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றும். தோளில் பின் குத்தாமல் தொங்கும் துப்பட்டாவின் ஒரு முனை அதில் சிக்கினால், பிரேக் பிடிக்கிற நேரத்துக்குள் கழுத்து இறுகிவிடும். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தால் இருவரும் விழுவீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி விழுந்து, கழுத்தில் கயிறு கட்டிய மாதிரி சிவந்த தழும்போடு கடைக்கு வந்தார். அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு, 'ஜாக்கிரதையாகப் போங்கள்' என்று மட்டும் சொல்லி யாரையும் அனுப்ப என்னால் முடியவில்லை.

பல வேலைகளில் துப்பட்டா இல்லாமல் போக முடியாது என்பது தெரியும். 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை விதியிலேயே சுடிதார் என்றால் துப்பட்டாவோடு என்றுதான் இருக்கிறது. ஆனால் விதி அலுவலகத்துக்குத்தான். சைக்கிளில் போகும்போது அதை மடித்துப் பையில் வையுங்கள், போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால் முன்பட்டன் வைத்த கையில்லாத கோட் ஒன்றை மெல்லிய காட்டனில் தைத்துக்கொள்ளுங்கள். துப்பட்டா செய்கிற வேலையை அது செய்யும், தொங்கவும் தொங்காது. மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் காப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. சைக்கிளுக்கு அது பொருந்தாது. அதனால் பின்சக்கரத்துக்கு வலையும், முழுச் செயின் கவரும் நீங்களேதான் கேட்டு வாங்கி மாட்ட வேண்டும்.

சேலை கட்டுகிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது உள்பாவாடை. இப்போது விற்கிற, உடம்பை ஒட்டிப் பிடிக்கும் ஷேப்வேர் போட்டுக்கொண்டு பெடல் மிதிக்கவே முடியாது. இறங்கும்போது கால் அகலாமல் தடுமாறுவீர்கள். ஆறு பீஸ் காட்டன் பாவாடைதான் சரி. சேலையைக் கணுக்காலுக்கு மேல் மூன்று அங்குலம் ஏற்றிக் கட்டி, முந்தானையைப் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டுவந்து வலது இடுப்பில் செருகி ஊக்கு குத்திவிடுங்கள். ஜாக்கெட்டுக்கும் கையை நீட்டித்தான் அளவு.

பாக்கெட் இல்லாமல் நான் இப்போது எதையும் தைப்பதில்லை. ஆனால் சைடு தையலில் வைக்கிற சாதாரண பாக்கெட் சைக்கிளுக்கு ஆகாது. தொடை மேலே வரும்போதெல்லாம் பாக்கெட் வாய் சாய்ந்து போன் நழுவிவிடும். ஏழு அங்குல ஆழம், கொஞ்சம் முன்பக்கம் தள்ளி, மேல் முனை இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்தது, வாயில் ஒரு பிரஸ் பட்டன். இப்படி வைத்தால் போனும் சாவியும் பத்திரமாக இருக்கும். பால் கொடுக்கிற அம்மாவாக இருந்தால், மார்புத் தையலுக்குள் இரண்டு பக்கமும் மறைவான ஜிப் வைக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாது.

துணி எடுக்கும்போது ரேயானின் மென்மையில் மயங்கிவிட வேண்டாம். அது ஈரத்தில் வலு குறைகிற நூல், வியர்வையோடு சீட்டில் உரசினால் சீக்கிரம் நைந்துபோகும். டாப்புக்கு ஆகலாம், பேண்டுக்கு வேண்டாம். முழுப் பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் வியர்வை வாடையைப் பிடித்துக்கொள்ளும். காட்டன், அல்லது காட்டன் கலந்தது எடுத்து, தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். ஆஷ் கலரில் வியர்வை அப்படியே படம் போட்டதுபோல் தெரியும். சின்னச் சின்னப் பிரிண்ட் அதை மறைக்கும்.

எத்தனை வேண்டும் என்று கேட்பார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை, இரண்டு நாள் துவைப்பு என்றால் பிரிண்ட் டாப் ஐந்து, எல்லாவற்றோடும் ஒத்துப்போகிற கறுப்பு, நேவி ப்ளூ, மெரூன் பேண்ட் மூன்று. அப்புறம் ஒரு முழு செட்டும் ஒரு துண்டும் அலுவலக டிராயரில் எப்போதும் இருக்கட்டும். பிள்ளை தோளில் வாந்தியெடுத்த காலையில் வீட்டுக்குத் திரும்பி ஓட வேண்டியதில்லை. ஐப்பசி மழையிலும் அதுவே கைகொடுக்கும்.

செயின் மசி வலது காலில்தான் படும், செயின் அந்தப் பக்கம் இருப்பதால். வலது பேண்டின் கணுக்காலில் ஒரு பட்டியும் இரண்டு பிரஸ் பட்டனும் வைத்துத் தருகிறேன். ஏறும்போது இறுக்கிக்கொள்ளலாம். மசி பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். முகப் பவுடரைத் தூவி அரைமணி நேரம் விட்டுத் தட்டிவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பை நேராகத் தேய்த்து, அதன் பிறகு அலசுங்கள்.

அந்த நர்ஸ் அக்காவின் நான்கு டாப்புகளுக்கும் முதுகில் துண்டு வைத்துத் திருத்திக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அடுத்த முறை அளவு கொடுக்க வரும்போது பழைய டாப்பைக் கொண்டுவர வேண்டாம், சைக்கிளையே கடைவாசலுக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். ஸ்டாண்டு போட்டு, சீட்டில் உட்காரவைத்து டேப் பிடித்தேன். அவர் பாப்பா கேரியரில் உட்கார்ந்து, தனக்கும் அளவு எடுக்கச் சொல்லிக் கையை நீட்டியது.