கம்பெனி மேல் பாசம் இருக்கட்டும், வாரண்டியையும் படியுங்கள்

பழைய கார்களுக்கு விலை மதிப்பிடுவது என் தொழில். "எங்க வீட்டுல எப்பவும் இந்தக் கம்பெனி வண்டிதாங்க" என்று பெருமையாகச் சொல்பவர்கள் கோவையில் நிறைய. பெட்ரோல், டீசல் வண்டிகளில் அந்தப் பாசத்துக்கு அர்த்தம் உண்டு. பழகின மெக்கானிக், எந்தக் கடையிலும் கிடைக்கும் உதிரிபாகம், விற்கும்போது இறங்காத விலை. மின்சாரக் காரில் கணக்கு வேறு.

2020 ஜனவரியில் நெக்ஸான் ஈவி என்ற மின்சாரக் காரை டாடா கொண்டுவந்தபோது, அந்த விலைக்குப் பெரிதாகப் போட்டியே இல்லை. கடையில் ஒரே சட்டை தொங்கினால் அதைத்தானே வாங்குவோம்? அதை விசுவாசம் என்று கம்பெனிகள் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் வந்தது. காருக்கு 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. அடுத்த மாதமே மின்சாரக் கார் விற்பனையில் முதலிடம். அதே செப்டம்பரில், பண்டிகைச் சலுகை என்று நெக்ஸான் ஈவியின் விலையும் 3 லட்சம் வரை இறங்கியது.

புதிதாக வாங்குபவருக்குக் கொண்டாட்டம்தான். முந்தின வருஷம் வாங்கியவர் என்னிடம் வரும்போதுதான் சிக்கல். "அதிகமா ஓட்டவே இல்லீங்களே" என்பார். ஓட்டம் குறைவுதான், சரி. ஆனால் ஷோரூமில் புது வண்டி விலை இறங்கினால், பழையதை யார் அதிக விலைக்கு எடுப்பார்கள்? அமெரிக்காவில் 2023 ஜனவரியில் டெஸ்லா, மாடல் ஒய் லாங் ரேஞ்ச் விலையை ஒரேயடியாக 13,000 டாலர் குறைத்தபோதும் இதே கதைதான்.

டாஷ்போர்டில் தெரியும் ரேஞ்சை, அதாவது மீதி சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்ற கணக்கை, நான் நம்புவதில்லை. கடைசியாக ஓட்டியவர் எப்படி மிதித்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். சர்வீஸ் சென்டரில் எடுத்த பேட்டரி ரிப்போர்ட்டைத்தான் கேட்பேன். அப்புறம் டயர். வண்டி கனம், இழுவையும் அதிகம், அதனால் சீக்கிரம் தேயும்.

அதைவிட முக்கியம் வாரண்டி. மஹிந்திரா பிஇ 6, வின்ட்சர் இரண்டிலும் பேட்டரிக்கு ஆயுட்கால வாரண்டி என்பது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். ஆர்சியில் பெயர் மாறியதும் இத்தனை வருஷம், இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வந்துவிடும். விற்பவர்கள் பலருக்கே இது தெரியாது.

பேட்டரி வாடகைத் திட்டத்தில் எடுத்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? பேட்டரிக்குப் பணம் போட்ட நிதி நிறுவனத்தின் என்ஓசியை (தடையில்லாச் சான்றை) பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.