அபார்ட்ஹைட்: நிறவெறியா, இன ஒதுக்கலா?

மண்டேலாவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘நிறவெறியை ஒழித்தவர்’ என்று முடித்துவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் அவர் எதிர்த்து நின்றதற்கு அந்த ஊரிலேயே ஒரு பெயர் இருந்தது: அபார்ட்ஹைட். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் பேச்சிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். ‘அபார்ட்’ என்றால் தனியாக, ‘ஹைட்’ என்பது நம்முடைய ‘மை’ விகுதி போன்றது. ஆக நேர்ப்பொருள் ‘தனித்திருக்கும் தன்மை’, அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்!

1948 தேர்தலில் மாலன் தலைமையிலான, வெள்ளையர்களின் தேசியக் கட்சி இந்தச் சொல்லை வைத்தே ஜெயித்தது. அப்புறம் வரிசையாகச் சட்டங்கள். 1950-இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இன முத்திரை குத்தியது. யார் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்களாம், வழுக்கி விழுந்தால் வெள்ளையர், சுருளில் சிக்கி நின்றால் இல்லை. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடம் போட்டுப் பிரித்தது. டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் காலூன்றியிருந்த இந்தியக் குடும்பங்கள், தமிழர்கள் உட்பட, வீட்டையும் தோட்டத்தையும் விட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போனது இதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வெறி’ என்பது மனத்தில் இருப்பது. அபார்ட்ஹைட் அரசிதழில் இருந்தது, வெறியே இல்லாத குமாஸ்தாவும் முத்திரை குத்தித்தான் ஆக வேண்டும். அதனால் ‘இன ஒதுக்கல்’தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரே சிக்கல், ‘இட ஒதுக்கீடு’ என்று நேர்மாறான ஒன்றுக்கும் இதே வேரை நாம் பயன்படுத்துகிறோம், அதனால் ‘ஒதுக்கீடு’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால் மண்டேலா செய்ததும் துலங்கும். சட்டத்தைப் பேச்சுவார்த்தை நடத்தி மாற்றலாம். சிறையில் ஆப்பிரிக்கான்ஸ் கற்றுக்கொண்டு, எண்பதுகளின் நடுவிலிருந்தே அரசோடு ரகசியமாகப் பேசினார். ஆனால் வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்று 1985-இல் அன்றைய அதிபர் போத்தா நிபந்தனை வைத்தபோது மறுத்துவிட்டார். 1990 பிப்ரவரியில் போத்தாவுக்கு அடுத்து வந்த அதிபர் டி கிளார்க், மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் முதலான கட்சிகள் மீதிருந்த தடைகளை நீக்க, மண்டேலா வெளியே வந்தார். ‘அமைதியான மாற்றம்’ என்று நாம் லேசாகச் சொல்கிறோம், அவர் வெளியே வந்ததிலிருந்து 1994 தேர்தல் வரையிலான நாலு வருடத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1993 ஏப்ரலில் கறுப்பின மக்களின் செல்வாக்குமிக்க தலைவர் கிறிஸ் ஹானியை ஒரு வெள்ளையர் சுட்டுக் கொன்றபோது நாடே பற்றி எரிந்திருக்கும். அன்று அதிபராகக்கூட இல்லாத மண்டேலா தொலைக்காட்சியில் தோன்றி, கொலையாளி வெள்ளையர் என்றால் அவரைப் பிடிக்க உதவிய பெண்ணும் வெள்ளையர்தான் என்று நினைவூட்டினார். அடுத்த ஏப்ரலில் எல்லா இனத்தாரும் வாக்களித்தார்கள், மே 10 அன்று அவர் அதிபரானார், டி கிளார்க் துணை அதிபர்களில் ஒருவர்.

எழுதும்போது, ஆட்சிமுறைக்கு ‘இன ஒதுக்கல்’ என்றும், ஆட்களின் புத்திக்கு ‘நிறவெறி’ என்றும் போடலாம். 1973 ஐ.நா. உடன்படிக்கைக்குப் பிறகு இது தென்னாப்பிரிக்காவுக்கு வெளியேயும் ஒரு குற்றத்தின் பெயர், அந்தச் சட்டப் பொருளில் வரும்போது அபார்ட்ஹைட் என்றே வைத்துவிட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் தந்தால் போதும்.